தும்புத்தடி பிடித்த தலைவி



சென்ற மடலில், மாரி காலத்தில் கிழமைக்கு ஒருநாள் "கல் தள்ளுகிற விளையாட்டுக்கு" போகிறேன் என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அது பலருக்கு விளங்கவில்லையாம். "என்ன அக்கா, கனடாவில் பனிக்குமேல் அம்மி உருட்டுகிறீர்களோ?" என்று ஒரு சகோதரி கேட்டு எழுதியிருந்தார். வாசித்துவிட்டு நெடுநேரம் சிரித்தேன். உண்மையில் ஏறக்குறைய அப்படித்தான். ஆகவே இந்த மாதம் அந்த அம்மிக் கதையையே எழுதிவிடுகிறேன்.

விளையாட்டின் பெயர் கேர்லிங். ஸ்கொட்லாந்தில் உறைந்துபோன குளங்களின்மேல் ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர் தொடங்கியது. அங்கிருந்து குடிபெயர்ந்த சனங்களோடு கனடாவுக்கு வந்தது. மொன்றியலில் 1807 ஆம் ஆண்டிலேயே இதற்கு ஒரு கழகம் இருந்தது. நான் போவது ரொறன்ரோவுக்குக் கிழக்கே உள்ள ஒரு சிறிய பட்டினத்தின் கழகத்துக்கு. பெரிய கொட்டில் போன்ற ஒரு கட்டடம். உள்ளே 150 அடி நீளத்தில் ஒடுக்கமான ஐஸ் தளங்கள். ஐஸின்மேல் நுண்ணிய நீர்த்துளிகளைத் தெளித்து உறைய விடுவார்கள், கையால் தடவினால் சொரசொரக்கும். அந்தத் துளிகளின் தலையில்தான் கல் ஓடும். கல் கருங்கல். 17 முதல் 20 கிலோ வரை பாரம், ஐந்து வயதுப் பிள்ளையைத் தூக்குவது போல. ஆனால் தூக்குவதில்லை, தள்ளித்தான் விடுவது. உலகப் போட்டிகளுக்கான கல் ஸ்கொட்லாந்துக் கரையோரம் உள்ள எய்ல்சா கிறெய்க் என்ற ஆளில்லாத் தீவிலிருந்து வருகிறது.

ஓர் அணிக்கு நான்கு பேர், ஆளுக்கு இரண்டு கல். மறு அந்தத்தில் ஐஸுக்குள் வட்டங்கள் கீறப்பட்டிருக்கும். அதை இவர்கள் "வீடு" என்கிறார்கள். வட்டத்தின் நடுப்பொட்டுக்கு யாருடைய கல் கிட்ட நிற்கிறதோ அவர்களுக்குப் புள்ளி. இரண்டு அணியும் மாறி மாறிப் பதினாறு கல்லும் விட்டு முடிந்தால் ஒரு சுற்று. எங்களைப் போன்ற பொழுதுபோக்குக்காரருக்கு எட்டுச் சுற்று, இரண்டு மணித்தியாலம்.

விட்ட கல் நேராகப் போகாது, மெல்ல வளையும். அதற்கு முன்னால் இரண்டு பேர் துடைப்பத்தோடு ஓடி ஐஸைத் தேய்ப்பார்கள். தேய்த்தால் ஐஸ் இலேசாகச் சூடேறி, கல் இன்னும் தூரம் போகும், வளைவும் குறையும். நான்காவது ஆள் வீட்டுக்குள் நின்று, எங்கே குறிபார்ப்பது என்று தன் துடைப்பத்தை நிறுத்திக் காட்டி, எப்போது தேய்ப்பது, எப்போது விடுவது என்று கத்த வேண்டும். அவர்தான் "ஸ்கிப்", அணித் தலைவி. 2024 ஒக்ரோபர் கடைசியில் தொடங்கிய லீக்கில் எங்கள் அணிக்கு அந்த வேலை என் தலையில் விழுந்தது. வீட்டிலே தும்புத்தடி பிடித்தவளுக்கு இங்கேயும் அதுதான் என்று என் மகள் பகிடி பண்ணினாள்.

தலைவியாகும் தகுதி எனக்கு இருந்தது என்று நினைத்துவிடாதீர்கள். முன்னைய தலைவி வேறு மாகாணத்துக்கு வேலை மாறிப் போய்விட்டார். மற்ற மூவரும் "நீதான் நிதானமாகப் பார்ப்பவள்" என்று சொல்லிவிட்டார்கள். மூவர் யாரென்றும் சொல்ல வேண்டும். முதலாவதாகக் கல் விடுபவள் பிலிப்பைன்ஸ் நாட்டுப் பிள்ளை, நான் வேலை செய்கிற முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளர். அவர்களுடைய மொழியில் அக்காவை "ஆத்தே" என்பார்கள், என்னை அப்படித்தான் கூப்பிடுவாள். மூன்றாவது, துணைத் தலைவி, ஒரு தாதி. சிறுவயதிலிருந்தே கல் தள்ளி வளர்ந்தவள். இரண்டாவதாக விடுபவர் எழுபது வயதைக் கடந்தவர், பாடசாலை பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். இங்கே எல்லோரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவது. தமிழில் எழுதும்போது எனக்குக் கை கூசுகிறது, ஆகையால் பெரியம்மா என்றே எழுதுகிறேன்.

கல் விடுகிற இடத்துக்கும் நான் நிற்கிற நடுப்பொட்டுக்கும் இடையில் 126 அடி. பக்கத்துத் தளங்களிலும் கல் மோதும் சத்தம், ஆட்களின் கூச்சல். அதற்குமேல் என் குரல் போக வேண்டும். அது வரவில்லை, சகோதரிகளே. பதுங்குகுழிக்குள் இருந்த நாட்களில் அம்மா காதோடு சொல்வார், "மூச்சுக் காட்டாதை பிள்ளை" என்று. 1995 இடப்பெயர்வுக்குப் பிறகு எத்தனையோ வரிசைகளில் நின்றபோதும் வாயைத் திறக்காமல் நிற்பதுதான் நல்லது என்று பழகிவிட்டேன். வீட்டிலும் பிள்ளைகளை அதட்டியதில்லை. அப்படிப்பட்டவள் நாலு பேருக்கு முன்னால் தொண்டை கிழியக் கத்துவதென்றால்? முதல் ஆட்டத்தில் நான் சொன்னது தேய்ப்பவர்களுக்குக் கேட்கவேயில்லை. கல் போய் முடிந்தபிறகுதான் "ஏதாவது சொன்னாயா?" என்று கேட்டார்கள்.

இரண்டாவது ஆட்டத்தில் ஒரு கல் நல்ல திசையில் வந்தது, ஆனால் வேகம் போதாது. அந்த அந்தரத்தில் ஆங்கிலம் மறந்துபோய், "கூட்டு! கூட்டு!" என்று தமிழில் அலறிவிட்டேன். பக்கத்துத் தளத்தில் நின்றவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். அவர்கள் இருவரும் என்ன ஏதென்று கேளாமல் குனிந்து தேய்த்தார்கள். கல் வீட்டுக்குள் வந்து நின்றது. அன்றிலிருந்து எங்கள் அணிக்கு "கூட்டு" என்பதுதான் கட்டளைச் சொல்.

குரல் வந்துவிட்டது. ஆனாலும் தோற்றுக்கொண்டே இருந்தோம். டிசெம்பர் தொடக்கத்தில் ஒருநாள் ஆட்டம் முடிந்து மேசையில் இருந்தோம். (வென்ற அணி தோற்ற அணிக்குக் குடிக்க ஏதாவது வாங்கிக் கொடுத்து ஒரே மேசையில் இருந்து கதைப்பது இந்த விளையாட்டின் வழக்கம். எனக்குத் தேநீர். அந்தப் பருவத்தில் பிறர் காசில் நிறையத் தேநீர் குடித்தேன்.) எதிரணி எழுந்துபோன பிறகு பிலிப்பைன்ஸ் பிள்ளை தயங்கித் தயங்கிச் சொன்னாள்:

"ஆத்தே, நான் கல்லை விட்டுவிட்டு நிமிர்ந்து உங்களைத்தான் பார்க்கிறேன். கல் பிழைத்துப் போனால் நீங்கள் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறீர்கள். எனக்கு அடுத்த கல்லை விடவே பயமாக இருக்கிறது."

எனக்கு அடி விழுந்தது போல் இருந்தது. நான் திரும்பிக்கொண்டது கோபத்தில் அல்ல. என் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தால் அந்தப் பிள்ளை வருந்துவாளே என்றுதான் திரும்பினேன். நிவாரணப் பட்டியலில் பெயர் இல்லை என்று சொல்லும்போதும், வந்த கடிதத்தில் நல்ல செய்தி இல்லாதபோதும், அழுகையைப் பிறர் காணாதபடி முகத்தைத் திருப்பிக்கொள்வது எனக்கு மரியாதையாகப் பட்டது. 126 அடிக்கு அப்பால் நிற்பவளுக்கு அது வேறாகத் தெரிந்திருக்கிறது. வீட்டுக்கு வந்து மகளிடம் கேட்டேன், "நீ சோதனையில் புள்ளி குறைந்து வந்த நாளில் அம்மா என்ன செய்வேன்?" என்று. அவள் யோசிக்கவேயில்லை. "குசினிக்குள்ளை போயிடுவீங்கள்," என்றாள்.

இதை எப்படி மாற்றுவது என்று துணைத் தலைவியிடம் கேட்டேன். அவள் சண்ட்ரா ஷ்மேர்லரைப் பற்றிச் சொன்னாள். சஸ்கற்சுவான் மாகாணத்துப் பெண். 1998 இல் ஜப்பானின் நகானோவில் நடந்த ஒலிம்பிக்கில் கனடாப் பெண்கள் அணிக்குத் தலைமை தாங்கித் தங்கம் வென்றவர். கைக்குழந்தையை வைத்துக்கொண்டே அதற்கான தெரிவுப் போட்டியில் ஆடியவர். இரண்டு பெண் பிள்ளைகளின் தாய். 2000 மார்ச்சில், 36 வயதில் புற்றுநோயால் இறந்துபோனார். நாடே அழுததாம். துணைத் தலைவி அவருடைய பழைய ஆட்டங்களைக் கணினியில் போட்டுக் காட்டி, "கல்லைப் பார்க்காதே, மற்றவர்கள் கல் விட்டபின் இவர் எங்கே நிற்கிறார், என்ன செய்கிறார் என்று பார்" என்றாள். பார்த்தேன். நான் கற்றுக்கொண்டது ஒரு சிறிய காரியம்: கல் பிழைத்தால் துடைப்பத்தை நிமிர்த்தி, விட்டவளை நேரே பார்த்து, கையை உயர்த்திக் காட்டுவது. பாதி வேளை பிழை என்னுடையதாகவும் இருக்கும். நான் துடைப்பத்தை வைத்த இடமே தவறாக இருக்கும். அப்போது நெஞ்சில் தட்டிக் காட்டுவேன், "என்னுடையது" என்று. முதலில் நாடகம் ஆடுவது போல் கூச்சமாக இருந்தது. சில கிழமையில் கூச்சம் போய்விட்டது.

இன்னொரு காரியத்துக்குக் கை காட்டி முடியவில்லை. பெரியம்மாவின் முழங்கால். கல்லை விடுவதென்றால் தாழக் குனிந்து, ஒரு காலால் உந்தி, மறுகாலில் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். அவரால் உந்த முடியவில்லை. வீட்டுக்கு முன்னால் ஓர் எல்லைக் கோடு உண்டு. அதை முழுதாகத் தாண்டாத கல்லை எடுத்துவிடுவார்கள். அவருடைய இரண்டு கல்லும் பெரும்பாலும் தாண்டவில்லை. மற்ற அணி எட்டுக் கல்லோடு ஆட, நாங்கள் ஆறு கல்லோடு ஆடினோம். நான் மறைக்கப் பார்த்தேன். அவருக்கு எப்போதும் குறைந்த வேகம் போதுமான காவல் கல்லையே விடச் சொன்னேன். அதுவும் கோட்டைத் தாண்டவில்லை. துணைத் தலைவி, "நீதான் ஸ்கிப், நீதான் சொல்ல வேண்டும்," என்று ஒதுங்கிவிட்டாள்.

வழி ஒன்று இருந்தது. நீளத் தடி ஒன்றை கல்லின் பிடியில் கொளுவி, நிமிர்ந்து நடந்தபடியே தள்ளிவிடலாம். கழகத்தில் அதை அனுமதிக்கிறார்கள். செல்லிலும் மிதிவெடியிலும் கால் இழந்த சகோதரிகளும் இதை வாசிப்பீர்கள் என்பதால் ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறேன்: சக்கர நாற்காலியில் இருந்தபடி இதே தடியால் விடுகிற கேர்லிங் 2006 முதல் பராலிம்பிக்கில் இருக்கிறது. அதில் தேய்ப்பது கிடையாது, ஒவ்வோர் அணியிலும் ஆணும் பெண்ணும் இருக்க வேண்டும் என்பது விதி. ஆனால் எழுபது வயதுவரை வழுக்கிக்கொண்டு போய்க் கல் விட்டவரிடம் "தடியை எடுங்கள்" என்று எப்படிச் சொல்வது? எங்கள் ஊரில் மூத்தவரிடம் பொல்லை நீட்டுவது போலத்தானே.

நத்தாருக்கு முன் கடைசி ஆட்டத்திலும் தோற்றோம். ஏழு ஆட்டத்தில் ஐந்து தோல்வி, ஒரு சமன், ஒரு வெற்றி. அன்று இரவு வழக்கம்போல அவரைக் காரில் ஏற்றிப் போகும்போது சொல்லிவிட்டேன். முகத்தைத் திருப்பாமல் சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தேன், கார் ஓட்டிக்கொண்டிருந்ததால் அது முடியவில்லை. அவர் ஒன்றும் பேசவில்லை. வீட்டு வாசலில் இறங்கி, இரவு வணக்கம் சொல்லாமல் கதவைச் சாத்தினார். மூன்று கிழமை தொலைபேசியும் இல்லை. அந்த நத்தார் விடுமுறை முழுவதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு விளையாட்டுக்காக ஒரு மனுசியை நோகடித்துவிட்டேனே என்று.

ஜனவரியில் முதல் ஆட்டத்துக்குப் போனால், எனக்கு முன்னரே வந்து தடியோடு நிற்கிறார். அந்த மூன்று கிழமையும் காலை வேளையில் வந்து, தடியால் ஆடும் முதியவர்களோடு தனியாகப் பழகியிருக்கிறார். என்னைக் கண்டதும் மன்னிப்பும் இல்லை, சுகம் விசாரிப்பும் இல்லை. "என் கல் வலதுபக்கம் இழுக்கிறது. துடைப்பத்தை அரை அடி தள்ளி வை," என்றார். வைத்தேன். கல் கோட்டைத் தாண்டி, வீட்டின் வாசலில் போய் நின்றது.

அதற்குப் பிறகு நான்கு ஆட்டம் வென்றோம். ஒன்றை வென்றிருக்கலாம், பிலிப்பைன்ஸ் பிள்ளையின் சப்பாத்து ஓடுகிற கல்லில் தட்டிவிட்டது. யாரும் காணவில்லை. நானும் காணவில்லை. இந்த விளையாட்டில், எங்கள் கழகத்தில், மத்தியஸ்தர் கிடையாது. தட்டியவரே சொல்ல வேண்டும். அவள் சொன்னாள், கல்லை எடுத்துவிட்டோம், ஆட்டமும் போயிற்று. நான் கையை உயர்த்திக் காட்டினேன்.

பெப்ரவரி முடிவில் கடைசி ஆட்டம். எட்டாவது சுற்றில் சமன், கடைசிக் கல் எங்களுடையது. கடைசிக் கல்லைத் தலைவிதான் விட வேண்டும், அப்போது துணைத் தலைவி வீட்டுக்குள் நின்று துடைப்பம் பிடிப்பாள். எதிரணியின் கல் ஒன்று நடுப்பொட்டுக்கு மிகக் கிட்ட, பாதி ஒரு காவல் கல்லுக்குப் பின்னால் மறைந்து நின்றது. அடித்து எடுப்பதென்றால் காவல் கல்லில் பட்டுவிடும். சுற்றி வளைந்து போய் உள்ளே நிற்க வேண்டும். விட்டேன். விட்ட கணமே வேகம் போதாது என்று கைக்குத் தெரிந்துவிட்டது. அந்த அந்தத்தில் இருந்து துணைத் தலைவி, கனடாவில் பிறந்து வளர்ந்த வெள்ளைக்காரப் பிள்ளை, முழுக் குரலில் "கூட்டு! கூட்டு!" என்று கத்தினாள். பெரியம்மா தடியைத் தூக்கி எறிந்துவிட்டுத் துடைப்பத்தோடு நடந்தும் ஓடியும் தேய்த்தார்.

கல் வளைந்து, காவலைத் தாண்டி, உள்ளே வந்து நின்றது. கண்ணால் தீர்க்க முடியவில்லை. நடுப்பொட்டில் ஒரு கருவியை ஊன்றிச் சுற்றி அளந்தார்கள். நகக்கண் அளவில் அவர்களுடைய கல் கிட்ட இருந்தது. எட்டு அணியில் ஆறாம் இடம்.

நான் நிமிர்ந்து பார்த்தபோது மூவரும் வீட்டுக்குள் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிலிப்பைன்ஸ் பிள்ளை கையை உயர்த்திக் காட்டினாள்.

தேநீர் குடித்து முடித்து, பெரியம்மாவை வீட்டில் விடப் புறப்பட்டோம். தடியைக் காரில் ஏற்றவா என்று கேட்டேன். "வேண்டாம், இங்கேயே பெட்டகத்தில் இருக்கட்டும். ஒக்ரோபரில் வந்து எடுக்கிறேன்," என்றார்.