மௌனமும் மறுப்பே என்கிறது சட்டம்

மணமுறிவு கோரிக் குடும்ப நல நீதிமன்றத்தின் படியேறும் உழைக்கும் பெண் மணமுறிவை மட்டும் கேட்பதில்லை. பிள்ளையைத் தன் பொறுப்பில் விடுமாறு கேட்கிறாள், ஜீவனாம்சம் கேட்கிறாள், தாய்வீட்டிலிருந்து கொண்டுசென்ற நகைகளைத் திருப்பித் தருமாறு கேட்கிறாள். ஆண்டுகள் கழிந்து தீர்ப்பு வருகிறது. மணமுறிவு உண்டு, பிள்ளை தாயிடம், மாதந்தோறும் ஒரு சிறு தொகை. நகையைப் பற்றி ஒரு வரியும் இல்லை. நீதிமன்றம் அக்கோரிக்கையை ஏற்கவுமில்லை, தள்ளவுமில்லை.

சொல்லப்படாததைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று அவள் எண்ணினால், கண்ணி அங்கேதான் இருக்கிறது. வெள்ளையராட்சியில், 1908இல் இயற்றப்பட்ட உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 11ஆம் பிரிவுக்குரிய ஐந்தாம் விளக்கம், வழக்குரையில் கோரப்பட்டுத் தீர்ப்பாணையில் வெளிப்படையாக வழங்கப்படாத பரிகாரம் மறுக்கப்பட்டதாகவே கருதப்படும் என்கிறது. நீதிபதியின் மறதி, அவளுக்கு எதிரான தீர்ப்பாகிவிடுகிறது!

ஒரே வழக்கை மீண்டும் மீண்டும் தொடுப்பதைத் தடுக்க இத்தகைய விதி தேவை என்று வாதிடலாம். ஆனால் அதற்கு இணையான கடமை நீதிமன்றத்திற்கும் உண்டு. தீர்மானிக்க வேண்டிய பொருள்கள், அவற்றின் மீதான முடிவு, முடிவுக்கான காரணங்கள் ஆகியவை தீர்ப்பில் இடம்பெற வேண்டும் என 1984ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 17ஆம் பிரிவு விதிக்கிறது. பெண்ணின் சீதனம் அவளுக்கே முழு உரிமையான சொத்து என்று பிரதிபா ராணி வழக்கில் உச்சநீதிமன்றம் 1985இலேயே அறுதியிட்டது. கடமை தவறியது நீதிமன்றம். தண்டம் கட்டுவது பெண்ணா?

“கிடைத்ததைப் பெற்றுக்கொண்டு போ, மேல்முறையீடு செய்தால் மணமுறிவும் கையைவிட்டுப் போகும்” என்று அறிவுரை கூறுவோர் அவளைச் சுற்றி நிறைய உண்டு. இது அச்சுறுத்தலேயன்றி அறிவுரையன்று. தீர்ப்பின் ஒரு பகுதியை எதிர்த்து மட்டும் மேல்முறையீடு செய்ய முடியும். அத்தகைய முறையீட்டை உயர்நீதிமன்றத்தில் குறைந்தது இரு நீதிபதிகள் கொண்ட அமர்வு, சட்டம், சங்கதி இரண்டின் மீதும் விசாரிக்கும். பிழை பதிவேட்டின் முகப்பிலேயே தெரியுமாயின், தீர்ப்பளித்த நீதிமன்றத்திலேயே மறுஆய்வு கோரவும் வழியுண்டு. விடுபட்டது ஜீவனாம்சமாயின், இந்துத் திருமணச் சட்டத்தின் 25ஆம் பிரிவு தீர்ப்புக்குப் பின்னரும் மனுச்செய்ய இடமளிக்கிறது. நகைக்கு அந்தப் பிரிவு பொருந்தாது. இருவரும் இசைந்து பெற்ற தீர்ப்பாயின் மேல்முறையீடே கிடையாது. ஆகவே கையொப்பமிடுமுன் ஒவ்வொரு கோரிக்கையும் எழுத்தில் ஏறியிருக்க வேண்டும்.

இனிக் காலக்கெடு. குடும்ப நீதிமன்றச் சட்டம் மேல்முறையீட்டுக்குத் தருவது 30 நாள்கள். தொலைவையும் வழக்காடிகளின் பொருள் நிலையையும் எண்ணிப் பார்த்து, 30 நாள்கள் போதா என்று உச்சநீதிமன்றம் 2002இல் சாவித்திரி பாண்டே வழக்கில் கூறியது. மறு ஆண்டே இந்துத் திருமணச் சட்டமும் சிறப்புத் திருமணச் சட்டமும் திருத்தப்பட்டு 90 நாள்கள் என்றாயின. குடும்ப நீதிமன்றச் சட்டத்தை மட்டும் நாடாளுமன்றம் தொடவில்லை. எந்தக் கெடு பொருந்தும் என்ற குழப்பத்திற்கு உயர்நீதிமன்றங்கள் விடை தேட வேண்டியதாயிற்று. சில 90 நாள்களே என்று தீர்ப்பளித்தன. இஸ்லாமிய, கிறித்தவப் பெண்களுக்கோ அந்த ஆறுதலும் இல்லை. நாள்கூலியை இழந்து நகலுக்காக அலையும் பெண்ணுக்கு 30 நாள்கள் என்பது நீட்டிக் கொடுத்து இழுத்துக்கொள்ளும் கையன்றி வேறென்ன?

இதன் வேர் இன்னும் ஆழமானது. மணவாழ்வில் இருவர் உழைப்பாலும் சேர்ந்த சொத்தில் மனைவிக்குச் சம பங்கு உண்டு என்று சொல்லும் நாடளாவிய சட்டம் இந்தியாவில் இல்லை. கோவாவில் போர்த்துக்கீசியர் விட்டுச்சென்ற சட்டம் பொதுச்சொத்து முறையை ஏற்கிறது. கணவனின் அசையாச் சொத்தில் மனைவிக்குப் பங்களிக்க முற்பட்ட மசோதா 2013இல் மாநிலங்களவையில் நிறைவேறியும், மக்களவை கலைந்தபோது காலாவதியானது. அதற்குப் பின் வந்த பாஜக அரசு அதற்கு உயிர் கொடுக்கவில்லை. சமைத்ததும் துவைத்ததும் பிள்ளை வளர்த்ததும் உழைப்பாகக் கணக்கில் ஏறாத சமுதாயத்தில், அவளது கோரிக்கை தீர்ப்பின் கணக்கில் விடுபடுவது தற்செயலா?

ஆகவே, கோரிக்கைகள் தெளிவானவை. ஒவ்வொரு தீர்ப்பின் இறுதியிலும் கேட்ட பரிகாரங்கள் அனைத்தும் வரிசையிடப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் முடிவு எழுதப்பட வேண்டும். தீர்ப்பு நாளன்றே நகல் கட்டணமின்றி வழங்கப்பட வேண்டும். எல்லாச் சமயப் பெண்களுக்கும் மேல்முறையீட்டுக் கெடு 90 நாள்களாக வேண்டும். மணவாழ்வில் சேர்ந்த சொத்தில் சம உரிமை சட்டமாக வேண்டும்.

இவை கைகூடும்வரை மாதர் இயக்கமும் தொழிற்சங்கங்களும் செய்யத்தக்கது ஒன்றுண்டு. வருமான வரம்பின்றி எல்லாப் பெண்களுக்கும் இலவச சட்ட உதவி பெறும் உரிமையை 1987ஆம் ஆண்டுச் சட்டம் அளித்துள்ளது. தீர்ப்பு வந்த அன்றே மனுவையும் தீர்ப்பையும் அருகருகே வைத்து ஒப்பிட்டு, விடுபட்டதைக் கண்டறிந்து, 30 நாள்களுக்குள் அப்பெண்ணைச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் வாயிலுக்கு அழைத்துச் செல்ல வேண்டும். நீதிமன்றத்தின் மௌனத்தை அவளும் மௌனமாக ஏற்றுக்கொள்ளும்படி விட்டுவிடக் கூடாது.