பில்லுக்கு வயது 163 நாள்

மாண்புமிகு ஒன்றிய குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் துறை அமைச்சர் அவர்களுக்கு,

கோவை கணபதியில் இரண்டு லேத்தும் ஒரு டிரில்லிங் மெஷினும் வைத்து, பம்பு ஷாஃப்ட் கடைந்து கொடுக்கும் ஜாப் ஆர்டர்காரன் எழுதுகிறேன். 2020இல் நம் போன்ற தொழில்களுக்கான உத்யம் பதிவு வந்ததும் உடனே பதிந்தேன். அந்தச் சான்றிதழ் பட்டறைச் சுவரில் தொங்குகிறது. ஆயுதபூஜையன்று மெஷின்களுக்குச் சந்தனம் வைத்தபோது அதற்கும் ஒரு பொட்டு வைத்தோம். அவ்வளவு நம்பினோம், ஐயா.

முடித்துக் கொடுத்த வேலையை ஏற்றுக்கொண்டவர் அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும் என்கிறது உங்கள் 2006ஆம் ஆண்டுச் சட்டம். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதக் கணக்கில் கூட்டு வட்டி. என் பில் புத்தகத்தைத் தாங்கள் ஒருமுறை புரட்டிப் பார்க்க வேண்டும். பணம் கேட்டுப் போய் வந்த தேதிகளைக் கார்பன் நகலின் ஓரத்தில் பென்சிலால் குறித்து வைப்பேன். ஒரு பில்லில் மட்டும் பதினொரு தேதிகள். "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்பதே பதினொரு முறையும் கிடைத்த பதில். அந்தப் பணம் இன்னும் வரவில்லை. அதற்கான ஜிஎஸ்டியை மட்டும் அடுத்த மாதமே கட்டிவிட்டேன்.

புகார் கொடுக்கலாமே என்பீர்கள். அதற்கென்றே 2017இல் சமாதான் இணையதளம் தொடங்கப்பட்டது. 90 நாளில் தீர்ப்பு என்றும் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் புகார் கொடுத்த மறுநாளே, பணம் தராத அந்தக் கம்பெனியின் ஆர்டர் நின்றுவிடும். என்னை நம்பி மூன்று குடும்பங்கள் இருக்கின்றன.

அடுத்து, வரம்பு. 2006இல் 25 லட்சம் ரூபாய் மெஷின் முதலீடு வரை குறுந்தொழில். 2025 ஏப்ரல் முதல் 2.5 கோடி முதலீடு, 10 கோடி விற்றுமுதல் வரை குறுந்தொழில். விலைவாசிக்கு ஏற்ப உயர்த்தினீர்கள், அதில் தவறில்லை. ஆனால் வங்கிகள் தம் கடனில் 7.5 சதவீதத்தைக் குறுந்தொழிலுக்குத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி இலக்கு வைத்திருக்கிறது. எங்களில் முப்பது பேருக்குப் பிரித்துக் கொடுப்பதைவிட, 9 கோடிக்கு விற்பவர் ஒருவருக்குக் கொடுத்து அந்தக் கணக்கை முடிப்பதுதான் மேலாளருக்குச் சுலபம்.

மெஷின் முதலீடு 25 லட்சத்துக்குக் கீழ் இருப்பவர்களைத் தனி வகுப்பாக்குங்கள். பில் போட்ட தேதி ஜிஎஸ்டி கணக்கில் உங்களிடமே இருக்கிறது. பணம் வந்த தேதி வங்கியில் இருக்கிறது. இரண்டையும் ஒப்பிட்டு, நாங்கள் வாய் திறக்காமலே தாமதித்தவரை நீங்கள் கேளுங்கள்.

பதினொரு தேதி எழுதிய அந்த பில்லுக்கு இன்றோடு 163 நாள்.

இப்படிக்கு,
ஒரு குறுந்தொழில் முனைவோன்