புகைச் சான்றிதழில் ஓர் ஓட்டை
டீசல் வண்டிகளைப் படிப்படியாக விலக்க முடியுமா என ஆராயும்படி மும்பை உயர் நீதிமன்றம் 2025 ஜனவரியில் கேட்டது. ஆனால் அதுவரை ஓடும் லாரிகளின் வினையூக்கி மாற்றிகளை யார் கவனிக்கிறார்கள்? 2020 ஏப்ரல் 1 முதல் நடப்பிலுள்ள பிஎஸ்-6 விதிப்படி, கனரக லாரிகள் பெரும்பாலானவற்றில் யூரியா கரைசலைத் தெளித்து நைட்ரஜன் ஆக்சைடை முறிக்கும் கருவி உண்டு. பழுதானால் மாற்றச் செலவு அதிகம். உரிமையாளரின் தயக்கம் புரிகிறது. ஆனால் சென்சாரை ஏய்க்கும் பெட்டியைப் பொருத்தி ஓட்டினாலும் புகைச் சான்றிதழ் கிடைத்துவிடும். டீசலுக்குப் புகையின் அடர்த்தியைத்தான் அளக்கிறார்கள், கண்ணுக்குத் தெரியாத வாயுவை அல்ல. மும்பையில் வடாலா லாரி முனையத்துக்குப் பக்கத்திலிருக்கும் மாட்டுங்காவுக்கு இது சின்ன விஷயமா? தகுதிச் சோதனையில் நைட்ரஜன் ஆக்சைடை அளப்பதை மத்திய அரசு கட்டாயமாக்க வேண்டும். ஓட்டுநரை விட்டுவிட்டு, ஏய்ப்புப் பெட்டி விற்பவர்மீது முதலில் வழக்குத் தொடர வேண்டும்.