பாலிக் கட்டிலும் நம்மூர்த் திண்ணையும்

கொஞ்ச நாளாக நம் பக்கத்துச் சாலையோர ஓட்டல்களுக்கும் ஒரு புது ஆசை பிடித்திருக்கிறது. புல்தரையில் நான்கு மரக்கால்களை நட்டு, மேலே கூரை போட்டு, மூன்று பக்கமும் வெள்ளைத் திரை தொங்கவிட்டு, நடுவில் கனமான ஸ்பாஞ்சு மெத்தை விரித்து வைக்கிறார்கள். "பாலி பெட்" என்று பெயராம். கிழக்குக் கடற்கரைச் சாலை ரிசார்ட்டுகளில் எப்போதோ வந்துவிட்டது, அரூர்ப் பக்கம் இப்போதுதான் வருகிறது. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. இளசுகள் செல்ஃபி எடுத்துக்கொள்கிறார்கள். ஆனாலும் அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு குறை தோன்றுகிறது. அதைத்தான் இங்கே சொல்ல வந்தேன்.

பாலி, இந்தோனேசியாவைச் சேர்ந்த தீவு. அங்கே சுவரில்லாத மண்டபத்துக்கு "பலே" என்று பெயர். (நாம் கைதட்டிக்கொண்டு சொல்கிற பலே வேறு!) ஒரு வீட்டு வளாகத்துக்குள்ளேயே பல பலேக்கள் இருக்கும். கிழக்குப் பக்கத்துப் பலேயில் வீட்டுச் சடங்குகள் நடக்கும். "பலே பெங்கோங்" என்று ஒன்று உண்டு, சும்மா உட்கார்ந்து பராக்குப் பார்ப்பதற்கென்றே கட்டியது. ஊருக்குப் பொதுவாக "பலே பஞ்சார்" இருக்கும். அங்கே ஊர்க்கூட்டம் நடக்கும், கமலான் வாத்தியக்காரர்கள் பழகுவார்கள். மழை அதிகமுள்ள தீவு என்பதால் அலாங்-அலாங் என்ற நீளப் புல்லால் கூரையைச் செங்குத்தாக வேய்வார்கள். சுற்றுலா பெருகியபோது ஓட்டல்காரர்கள் இந்த மண்டபத்தைச் சுருக்கி, திரை கட்டி, நீச்சல் குளத்து ஓரம் இரண்டு பேர் படுக்கிற கட்டிலாக்கிவிட்டார்கள். ஊர் கூடி உட்கார்ந்த இடம் இப்படித்தான் அறை எடுத்தவருக்கு மட்டும் என்று ஆனது. நம் ஓட்டல்கள் காப்பியடிப்பது இந்தச் சுருங்கிய உருவத்தைத்தான்.

நான் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு வழியில். பகலில் சாய்ந்துகொள்ளும் இந்த மாதிரிக் கட்டிலைப் பிரெஞ்சில் "லி த ரெப்போ" என்பார்கள், அதாவது இளைப்பாறும் படுக்கை. வெள்ளைக்காரர் தெருக்களில் வீடுகள் உயரமான மதிலுக்குப் பின்னால் இருக்கும். அவர்கள் இளைப்பாறுவதெல்லாம் மதிலுக்கு உள்ளே. வாய்க்காலைத் தாண்டித் தமிழர் தெருவுக்கு வந்தால் வீட்டு முகப்பிலேயே திண்ணை, அதற்கு முன்னால் தெருவைத் தொட்டபடி தாழ்வாரம். மோர் விற்கிறவர், தபால்காரர், மழைக்கு ஒதுங்கியவர், யார் வேண்டுமானாலும் உட்காரலாம். யாரும் "நீங்கள் யார்?" என்று கேட்க மாட்டார்கள். பெருமாள் கோயில் தெருவில் அப்படிப்பட்ட பழைய வீடு ஒன்று "மெசோன் பெருமாள்" என்ற பெயரில் ஓட்டலாக நடக்கிறது. அதன் முற்றத்தையும் தூண்களையும் விரும்பித்தான் வெளிநாட்டார் வந்து தங்குகிறார்கள்.

இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவை இங்கே சொல்ல வேண்டும். 1970-களில் பாலியின் சானூர் கடற்கரையில் அந்தத் தீவின் பாணியிலேயே மண்டப வீடுகள் கட்டியவர் அவர். ஏறக்குறைய அதே காலத்தில் மதுரையில் ஒரு கிளப் கட்டினார். பாலிக் கூரையை மதுரைக்குத் தூக்கி வரவில்லை. நம் நாட்டுக் கல்லையும், பழைய வீடுகளிலிருந்து கிடைத்த தூண்களையும் வைத்தே கட்டினார். அந்தந்த மண்ணில் என்ன இருக்கிறது என்று முதலில் பார்த்தார்.

நம் மண்ணில் என்ன இருக்கிறது? சித்திரை, வைகாசியில் கொளுத்துகிற வெயில் இருக்கிறது. அதில் ஸ்பாஞ்சு மெத்தை அடுப்பாகக் கொதிக்கும். ஐப்பசி மழையில் தண்ணீரைக் குடித்துக்கொண்டு நாறும். திரைத்துணியில் லாரிப் புழுதி படியும். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தக் கட்டிலில் உயரமே இல்லை. மூட்டுவலிக்காரர் உட்கார்ந்தால், எழுப்பிவிட இரண்டு பேர் வேண்டும்.

பௌர்ணமிதோறும் திருவண்ணாமலை கிரிவலத்துக்குப் போகிற வேன்கள் அரூர் வழியாகப் போகின்றன. தீர்த்தமலைக்கு வருகிறவர்களும் உண்டு. வேனில் பாதிப்பேர் நம் வயதுக்காரர்கள். பத்து நிமிடம் காலை நீட்டினால் போதும் என்றிருக்கும். ஓட்டுநர்களோ ராத்திரி முழுக்க ஓட்டி வந்தவர்கள். ஓர் ஓட்டலில் நான் பார்த்தேன், பாலிக் கட்டில்கள் காலியாகக் கிடக்கின்றன, ஓட்டுநர் வண்டியின் முன்சீட்டில் உடம்பைக் குறுக்கி, கால் இரண்டையும் கதவுக்கு வெளியே நீட்டித் தூங்குகிறார். தூக்கம் போதாமல் அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தால், பின்னால் இருக்கிற இருபது பேருக்கும் ஆபத்து.

அரசு இதைக் கவனிக்காமல் இல்லை. தங்கும் விடுதிகள் விருந்தினரின் ஓட்டுநர்களுக்குப் படுக்கையும் கழிப்பறையும் தர வேண்டும் என்று 2023-இல் தமிழ்நாடு ஒருங்கிணைந்த கட்டட விதிகளில் திருத்தம் வந்தது. நல்ல ஆணை. ஆனால் சாப்பாட்டுக்கு மட்டும் நிற்கிற சாலையோர ஓட்டலில் ஓட்டுநர் எங்கே படுப்பார்? கோப்புகளோடு காலம் கழித்தவன் என்பதால் சொல்கிறேன், ஆணை எட்டாத இடத்தில் மனசுதான் செய்ய வேண்டும்.

ஓட்டல் முதலாளிகளுக்கு என் யோசனை இதுதான். பாலிக் கட்டிலுக்குப் போடுகிற பணத்தில் வாசல் பக்கமாக நீளமாய் ஒரு திண்ணை கட்டுங்கள். ஒன்றரை அடி உயரம், மூன்று அடி அகலம், ஒரு முனையில் தலை வைக்கச் சாய்வு மேடு, மேலே நாட்டு ஓடு. பக்கத்தில் வேப்ப மரமோ புங்க மரமோ இருந்தால் அதன் கீழே நாலு கயிற்றுக் கட்டில், கோரைப்பாய், ஒரு பானைத் தண்ணீர். கயிறு தொய்ந்தால் இழுத்துக் கட்டிக்கொள்ளலாம், பாய் கிழிந்தால் மாற்றலாம். வேலையும் உள்ளூர்க் கொத்தனாருக்கும் தச்சருக்கும் போகும்.

"கண்டவனும் வந்து படுப்பான், கஸ்டமர் முகம் சுளிப்பார்" என்று முதலாளி சொல்லலாம். நியாயமான கவலைதான். ஆனால் அடுத்த தடவை வேன் எந்த ஓட்டலில் நிற்க வேண்டும் என்று முடிவு செய்கிறவர் அந்த ஓட்டுநர்தானே? அவரை அரை மணி நேரம் நிம்மதியாகத் தூங்கவிட்டால், இருபது இலைச் சாப்பாட்டை அவரே கூட்டிவருவார்.

பாலிக் கட்டில்தான் வேண்டும் என்றால் அதையும் போடுங்கள், யாரும் தடுக்கவில்லை. பாலிக்காரர்கள் பலேயில் செய்கிற மாதிரி, வந்தவர் யாரானாலும் உட்காரவிடுங்கள். காப்பி வாங்கவில்லை என்று ஒரு கிழவரை எழுப்பிவிடாதீர்கள்.