கூரைமேற் பனி

பனி என்றவுடன் நம்மனோர் நினைவில் எழுவது மார்கழி விடியலிற் புல்நுனியில் நிற்கும் நீர்த்துளியேயாம். வெயில் ஏறுமுன் அது மறைந்துவிடும்; அதன்பொருட்டு ஒருவர் தம் தொழிலை நிறுத்தினார் என்று நாம் கேட்டதில்லை. அதே சொல்லால் நாம் வழங்கும் மற்றொரு பொருளோ ஓர் ஊரையே மூடிவிட வல்லது. அதன் வன்மையை அறிய விரும்புவோர் துருவத்தை நோக்கிப் போகவேண்டுவதில்லை. ஜப்பானின் மேற்குக் கரையிலுள்ள நீகாத்தா மாகாணம், ஏறக்குறைய ஏதென்ஸ் நகரத்தின் அட்சரேகையிலேயே இருப்பது. சைபீரியாவினின்று வரும் குளிர்காற்றானது இடையிலுள்ள கடலின் வெம்மையால் நீராவியை நிரம்ப ஏற்று, எதிர்ப்படும் மலைகளில் மோதி, அம்மாகாணத்தின்மீது தன் சுமையை இறக்கிவிடுகின்றது.

அச்சுமையின் அளவு எத்துணை? 1945-ஆம் ஆண்டு பிப்ரவரியில் தகாடா நகரில் 377 சென்டிமீட்டர் பனி கிடந்தது. ஈராள் உயரத்திற்கும் மேல். 1963 ஜனவரியில் நகாவோகா நகரில் 318 சென்டிமீட்டர். அவ்வமயம் நீகாத்தாவினின்று டோக்கியோவுக்குப் புறப்பட்ட ரயில் வண்டியொன்று, ஒரே நாளிற் சென்றடைய வேண்டியது, வழியிற் சிக்கி ஐந்தாம் நாளிலேயே போய்ச் சேர்ந்தது. அவ்வாண்டின் பனியால் நாடெங்கும் மாண்டோர் இருநூற்றுக்கு மேற்பட்டவர்.

நிற்க. தகாடாவின் பழந்தெருக்களில் ‘கங்கி’ என்றொரு அமைப்பு உண்டு. ஒவ்வொரு வீட்டுக்காரரும் தெருவை அடுத்த தம் சொந்த நிலத்தில் தாழ்வாரம் ஒன்றை இறக்கி, அதன்கீழ் யாவரும் நடந்து செல்ல விட்டுவிடுகின்றனர். வீதி பனியில் மூழ்கியபோதும், ஒரு வீட்டுத் தாழ்வாரத்தினின்று அடுத்த வீட்டுத் தாழ்வாரத்திற்கு ஏகி, கடைக்கும் பள்ளிக்கும் ஜனங்கள் போய்வரலாம். ஒருவர் இடம் தர மறுப்பின் வழி அறுந்துபோம். நிலம் தம்முடையது, வழி ஊருடையது. நம் நாட்டுத் திண்ணையைக் கட்டினவர்க்கு இது விளங்காத செய்தியன்று. இன்றும் பன்னிரண்டு கிலோமீட்டர் அளவில் அத்தாழ்வாரங்கள் அந்நகரில் நிலைபெற்றுள்ளன.

அரசாங்கமும் வாளா இருந்ததில்லை. பனிநாட்டுச் சாலைகளைத் துப்புரவாக வைத்தற்கு 1956-இலும், பெரும்பனிப் பிரதேசங்களின் பொதுநலத்திற்கு 1962-இலும் சட்டங்கள் இயற்றப்பட்டன. நகாவோகாவில் நிலத்தடி நீரைக் குழாய்களால் வீதியிற் பீய்ச்சிப் பனியைக் கரைக்கும் முறை பரவியது. (அந்நீரை அளவின்றி இறைத்தமையால் அம்மாகாணத்தில் நிலமே தாழ்ந்த இடங்களும் உள.) ஆகவே சாலைக்குப் பொறுப்பாளர் உளர். கூரைக்கோ?

இவ்விடத்திலேதான் நம் முறையீடு. படிந்து இறுகிய பனி ஒரு கன மீட்டருக்கு முந்நூறு கிலோகிராம் அளவு கனக்கும். ஐம்பது சதுர மீட்டர்க் கூரையில் ஒரு மீட்டர் உயரம் நின்றால் பதினைந்து டன். அதனைத் தள்ளாவிடின் வீடு நொறுங்கும். தள்ள ஏறினாலோ வழுக்கி வீழும் அபாயம். இளைஞர் பட்டினங்களுக்குப் போய்விட்டனர். மண்வாரியை ஏந்தி ஏணியில் ஏறுபவர் எழுபது கடந்த கிழவரே. 2006 பிப்ரவரியில் த்ஸுனான் என்னும் ஊரில் 416 சென்டிமீட்டர் பனி நின்றது. அக்குளிர்காலத்தில் நாடெங்கும் 150-க்கு மேற்பட்டோர் இறந்தனர். அவருட் பெரும்பாலார் பனியகற்றும் வேலையில் மாண்டவர், மூவரில் இருவர் 65 வயதை எட்டியவர். இதனைப் பனி செய்த கொலை என்று சொல்லிவிட்டு அமைதல் நமக்கு ஒவ்வாது.

“அத்தகைய இடத்தில் ஏன் குடியிருக்கவேண்டும்? கீழே இறங்கி வரலாமே” என்பார் உளர். டோக்கியோவினின்று இவ்வாறு சொல்பவர், தாம் அன்றாடம் ஏறும் மின்சார ரயிலைச் சற்று எண்ணிப் பார்ப்பாராக. அந்நகரின் ரயில்களை ஓட்டும் மின்சாரத்தில் ஒரு பகுதி, நீகாத்தாவின் ஷினானோ ஆற்று நீரால் உண்டாவது. அந்நீரோ மலைப்பனி உருகியதே. பனியின் பயன் பட்டினத்திற்கும், பனியின் பாரம் கிராமத்துக் கிழவருக்குமாகப் பங்கிடப்பட்டிருக்கின்றது. இப்பங்கீடு நேரிதன்று.

2006-இல் நீகாத்தாவின் சில ஊர்களுக்குப் பேரிடர் உதவிச் சட்டம் செலுத்தப்பட்டு, தாமே பனியகற்ற மாட்டாதவர் வீட்டுக் கூரைகள் பொதுச் செலவிற் சுத்தம் செய்யப்பட்டன. முதியோர்க்கு இவ்வேலையில் உதவும் நகராட்சிகளும் உள. ஆதலின் செய்தல் இயலாது என்பதற்கு இடமில்லை. கூரையையும் சாலையைப்போலவே பொதுச் செலவிற்குரிய ஒன்றாக ஆண்டுதோறும் கொள்ளவேண்டும் என்பதே நம் துணிபு. பேரிடர் என்று பறைசாற்றப்படாத குளிர்காலங்களிலும் கூரையினின்று வீழ்வோர் இருந்துகொண்டேயிருக்கின்றனர்.