வானம் இருக்கவேண்டிய இடம் மொட்டைமாடி

‘பால்வீதியைப் பார்க்க வேண்டுமா, ஹான்லே போங்கள்’ என்பது பயண ஆலோசனை என்ற நிலையிலிருந்து வளர்ந்து இன்று ஒரு கொள்கையாகவே நிலைபெற்றுவிட்டது. லடாக்கின் அந்தப் பீடபூமியில் 1,073 சதுர கிலோமீட்டர் பரப்பு 2022 டிசம்பரில் இருள்வான் காப்பகமாக அறிவிக்கப்பட்டது நல்ல செய்திதான். இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் இரண்டு மீட்டர் தொலைநோக்கி 4,500 மீட்டர் உயரத்தில் நிற்கும் இடம் அது. சுற்றுக் கிராமத்தவருக்குத் தொலைநோக்கியும் பயிற்சியும் கொடுத்து, வருவோருக்கு வானம் காட்டும் வேலையை அவர்களிடமே ஒப்படைத்ததிலும் குறைசொல்ல ஒன்றுமில்லை. அந்த அறிவிப்பை நாட்டின் பிற பகுதிகள் புரிந்துகொண்ட விதம்தான் கோளாறானது. ஒரு மூலையில் இருளைப் பத்திரப்படுத்தியாயிற்று, இனி எஞ்சிய இடத்தில் எவ்வளவு ஒளியை வேண்டுமானாலும் மேலே கொட்டலாம் என்பதாக அது வாசிக்கப்பட்டிருக்கிறது.

இதற்கு மொழியும் உடந்தை. பொதுவழக்கில் இருள் எப்போதும் குற்றவாளிதான். கிராமம் இருளில் மூழ்குகிறது, ஆட்சி இருண்டதாகிறது, அறியாமைக்கும் அதே பெயர். நகராட்சி விளக்கு வைத்தால் ‘இருள் அகன்றது’ என்று விழாப் பலகை எழுதுகிறது. அகற்றவேண்டியதாக மட்டுமே பேசப்படும் ஒன்றைப் பாதுகாக்கக் கோரிக்கை வைப்பவன் முதல் வாக்கியத்திலேயே தோற்றுவிடுகிறான்.

என்ன இழக்கப்பட்டது என்பதற்கு ராதாகோபிந்த சந்திராவை நினைவுகூர்வது போதும். 1878இல் பிறந்த அவர் யசோர் கருவூலத்தில் நாணயம் சோதிக்கும் சிறிய வேலையில் இருந்தவர்; பல்கலைக்கழகப் படிப்பு இல்லாதவர். மூன்று அங்குலத் தொலைநோக்கி ஒன்றை வைத்துக்கொண்டு வீட்டிலிருந்தே மாறொளி விண்மீன்களைக் கவனித்தார். அமெரிக்க மாறொளி விண்மீன் நோக்கர் சங்கத்துக்கு அவர் அனுப்பிய கணிப்புகள் 37,000க்கும் மேல். மதிப்புணர்ந்த சங்கம் ஆறு அங்குலத் தொலைநோக்கி ஒன்றைக் கடல்கடந்து அனுப்பிவைத்தது. பிற்காலத்தில் அது வைணு பாப்புவின் கைக்கு வந்து காவலூர் ஆய்வகத்தைச் சேர்ந்தது. அவர் செய்த வேலையின் முறை எளியது: மாறும் விண்மீனை, ஒளியளவு முன்பே தெரிந்த பக்கத்து விண்மீன்களோடு கண்ணால் ஒப்பிட்டு எண்ணாக எழுதுவது. ஆனால் ஒப்பிடுவதற்குப் பக்கத்து விண்மீன்கள் தெரியவேண்டும். மாறொளி மீன் மங்கிக்கொண்டே போகையில், அதனோடு ஒப்பிட மேலும் மங்கலானவை தேவைப்படும். பிரிவினைக்குப் பின் அவர் குடியேறிய பாராசாத், இன்று கொல்கத்தாவின் ஒளிக்கூரைக்குள் அடங்கிவிட்ட புறநகர். அதே மூன்று அங்குலக் கண்ணாடியை இன்று அங்கே ஒருவர் மாடியில் நிறுத்தினால், சந்திராவின் ஏடுகளில் உள்ள மங்கலான மீன்களில் பலவற்றைத் தேடியும் காணமாட்டார்.

வீட்டிலிருந்து வானம் பார்ப்பது பொழுதுபோக்கு என்று சிரிப்பவர்கள் இந்த ஏடுகளுக்குப் பதில் சொல்லட்டும். கேட்டால், ‘இப்போதுதான் கேமரா வந்துவிட்டதே’ என்பார்கள். பெங்களூரு மாடியிலிருந்தும் தில்லி மாடியிலிருந்தும் எடுத்த ஓரியன் நெபுலாப் படங்கள் சமூக ஊடகத்தில் குவிகின்றனவே, பிறகென்ன குறை என்பது அவர்கள் வாதம். படம் எடுப்பவர்களைக் கேட்டால் உண்மை தெரியும். நூற்றுக்கணக்கான ஒளிப்பதிவுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, குறுகிய பட்டை வடிகட்டி வழியே 656.3 நானோமீட்டர் ஹைட்ரஜன் ஒளியை மட்டும் பிரித்தெடுத்து அந்தப் படம் உருவாகிறது. தன் ஒளியைச் சில குறிப்பிட்ட அலைநீளங்களில் மட்டும் உமிழும் நெபுலாவுக்கு அந்த உத்தி பலிக்கும். அண்டங்களின் ஒளி நிறமாலை முழுவதும் பரவியது. அதை எந்த வடிகட்டியாலும் தெருவிளக்கிலிருந்து பிரிக்கமுடியாது.

பழைய சோடியம் விளக்கு இதில் எவ்வளவோ மேல். அதன் ஒளி பெரும்பாலும் மஞ்சள் பகுதியில் ஒடுங்கியிருந்ததால் ஓரளவு வடிகட்ட முடிந்தது. 2015இல் தொடங்கிய தேசியத் தெருவிளக்குத் திட்டம் ஒரு கோடிக்கும் மேற்பட்ட விளக்குகளை எல்இடியாக மாற்றியது. மின்சாரம் மிச்சமானது, மறுப்பதற்கில்லை. ஆனால் வெள்ளை எல்இடியின் நிறமாலை 450 நானோமீட்டரை ஒட்டிய நீலத்தில் உச்சம் கொள்கிறது. காற்றின் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிக்கும் அளவு அலைநீளத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதமாக அமைவதால், சோடியத்தின் மஞ்சளைக் காட்டிலும் அந்த நீலம் ஏறக்குறைய மூன்று மடங்கு சிதறுகிறது. சிக்கனத்தின் பெயரால் வந்த விளக்கே வானத்தை மேலும் வெளுக்கச் செய்தது.

பாதுகாப்பு என்ற மறுப்பு மட்டும் மதித்துப் பதில் சொல்லத்தக்கது. இரவுப்பணி முடித்து வீடு திரும்பும் பெண்ணிடம் வானத்தின் அழகைச் சொல்லி விளக்கை அணைக்கச் சொல்வது அயோக்கியத்தனம். அப்படி யாரும் கேட்கவில்லை. கேட்பதெல்லாம் விளக்குக்கு மேல்மூடி வேண்டும், ஒளி தரையில் விழவேண்டும் என்பதே. மூடியில்லாத விளக்கு கண்ணில் கூசி, கருமணியைச் சுருக்கி, அடுத்த மரத்தின் நிழலை இன்னும் கருமையாக்குகிறது. நிழலில் நிற்பவனுக்கு அந்த விளக்கு உதவுகிறது, நடப்பவளுக்கு அல்ல.

‘வசதி படைத்தவர்களின் விளையாட்டு’ என்பது அடுத்த ஏளனம். ஆறு அங்குல டாப்சோனியன் ஒன்றின் விலை நல்ல கைபேசி ஒன்றின் விலையை ஒட்டியது. லே வரை விமானம், உயரத்துக்கு உடல் பழகச் சில நாள் தங்கல், அங்கிருந்து வாடகை வண்டி என்று கணக்கிட்டால் வசதி படைத்தவர்களுக்கானது எது என்பது விளங்கும். வானத்தை ஹான்லேக்கு அனுப்பிவைத்தவர்களே மாடியில் நிற்பவனைச் சீமான் என்கிறார்கள்!

முடியாத காரியமும் அன்று இது. 2024இல் இந்தியாவின் முதல் இருள்வான் பூங்காவாகப் பெஞ்ச் புலிகள் காப்பகம் ஏற்கப்படுவதற்கு முன், சுற்றியுள்ள சில சிற்றூர்களின் தெருவிளக்குகள் கீழ்நோக்கியவையாக மாற்றப்பட்டன. மகாராட்டிரக் கிராமம் ஒன்றில் முடிந்தது நாக்பூரில் ஏன் முடியாது? பிரான்சின் 2018 டிசம்பர் ஆணை தெருவிளக்கின் ஒளி மேல்நோக்கிச் செல்வதை ஒரு விழுக்காட்டுக்குக் கீழ் கட்டுப்படுத்தி, நிறவெப்பத்துக்கு 3,000 கெல்வின் என்று வரம்பிட்டது. இங்கே 1981ஆம் ஆண்டு காற்றுச் சட்டத்தின் மாசு வரையறைக்குள் 1987 திருத்தத்தில் இரைச்சல் சேர்க்கப்பட்டது. ஒளி இன்னும் வெளியே நிற்கிறது.

எல்இடி விளக்கின் ஆயுள் 50,000 மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், நாளுக்குப் பதினொரு மணி நேரம் எரியும் தெருவிளக்குக்கு அது பன்னிரண்டு ஆண்டு. 2015இல் பொருத்தியவற்றின் காலம் முடியத் தொடங்கிவிட்டது. மாற்று விளக்குக்கு ஒவ்வொரு நகராட்சியாக ஒப்பந்தப்புள்ளி கோரவேண்டும். மேல்மூடி, 3,000 கெல்வின் என்ற இரண்டு நிபந்தனைகளை அதில் எழுத ஒரு வரி போதும். எழுதாமல் விட்டால் அடுத்த ஒப்பந்தப்புள்ளி 2040ஐ ஒட்டித்தான் வரும்.