பழைய இரும்பும் புதிய ரப்பரும்

ஓட்டத்தில் சூரப்புலியாக 1969-ல் ஜப்பானில் பிறந்த டாட்ஸன் 240இஸட் மோட்டாருக்கு அமெரிக்க வாலிபர்கள் சிக்கனமாய்ப் பிரேக் பலம் தேடினார்கள். டொயோட்டா நாற்சக்கர விசைச் சரக்கு மோட்டாரின் நான்கு பிஸ்டன் காலிப்பரைப் பழைய இரும்புக் கிடங்கில் கழற்றி, முன் சக்கரங்களில் பூட்டினார்கள். தூசித் தகட்டைச் சிறிது வெட்டினால் பொருந்திவிடும். இச்சிக்கனத்தை நாம் மெச்சுகிறோம். ஆயினும் பெரிய காலிப்பருக்கு எண்ணெய் அதிகம் வேண்டுமாதலால் மிதி ஆழ இறங்கும். 7/8 அங்குல மாஸ்டர் சிலிண்டருக்குப் பதில் 15/16 அங்குலம் வைத்தால் அக்குறை தீரும். பின் டிரம்மைக் கவனியாது முன்புறத்துக்கே பலம் கூட்டினாலோ, முன் சக்கரங்கள் முந்தி உறைந்து சறுக்கும். திருப்பினாலும் வண்டி திரும்பாது! இரும்பு பழையதாயிருக்கலாம், ரப்பர் வளையம், குழாய், பிரேக் கட்டை, எண்ணெய் இவை புதியனவாகவே இருத்தல் வேண்டும். காசை மிச்சம் பிடிப்பது பிராணனைப் பணயம் வைத்தன்று அல்லவா?